வாசகர் கேள்வி–பதில்: உப்புக்காற்றில் காந்தம்

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த காந்தக் கேள்விகள் இந்த முறை ஒரே கட்டாகச் சேர்ந்துவிட்டன. கேட்பவர்களின் தொழில் வேறு வேறு. ஆனாலும் பெரும்பாலான கடிதங்களில் ஒரே வரி இருக்கிறது: "காந்தத்துக்கு வயசாகிவிட்டதா?" வயசு காந்தத்தை அவ்வளவு எளிதில் தொடாது. சூடு தொடும், உப்பு தொடும். காந்தத் திரவமாக இருந்தால் அதிலுள்ள எண்ணெய் காயும். எதை எது கெடுத்தது என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் செலவு மிச்சம்.

*கேள்வி (ஒலி–ஒளி நிலையம் நடத்துபவர், கீழக்கரை):* கந்தூரி, கல்யாணம், கோயில் கொடை என்று வாடகைக்குப் போகும் பெட்டிகள் எங்களுடையவை. பத்து வருஷப் பெட்டி இரண்டில் டிவீட்டர் (கீச்சொலி ஸ்பீக்கர்) மந்தமாகிவிட்டது. திறந்தால் காயில் (கம்பிச் சுருள்) உட்காரும் பள்ளத்தில் கறுப்பாகப் பசை. யாரோ கிரீஸ் வைத்தது போல இருக்கிறது. காந்தம் போய்விட்டது, டிவீட்டரையே மாற்று என்கிறார் மெக்கானிக். துடைத்துவிட்டு ஓட்டலாமா?

*பதில்:* கிரீஸ் இல்லை, பிறகு யாரும் வைத்ததும் இல்லை. டிவீட்டர் தயாராகும்போதே அந்தப் பள்ளத்தில் விட்ட காந்தத் திரவம் அது. மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சமாக வகுத்தால் ஒரு பங்கு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் கொழுப்பு அமிலம் போன்ற ஒரு பூச்சு. இவை மிதந்திருக்க ஓர் எண்ணெய். பொதுவாகக் கன அளவில் துகள் 5 விழுக்காடு, பூச்சு 10, எண்ணெய் 85. விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் குழாய் வாய்க்கு இழுத்துக்கொண்டு வரலாம் என்ற எண்ணத்தில் நாசாவின் ஸ்டீவ் பாபெல் 1963இல் உருவாக்கிய பொருள் இது. இன்று பெரிய அளவில் பயன்படும் இடங்களில் ஒன்று உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது.

டிவீட்டரில் அதற்கு இரண்டு வேலை. காயிலில் எழும் சூட்டைக் காற்றைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகச் சுற்றியுள்ள இரும்புக்குக் கடத்தும். காயில் கட்டுக்கு மீறி ஆடாமல் பிடித்தும் வைக்கும். வருஷக்கணக்கில் சூடு பட்டுப்பட்டு எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது, துகள் அங்கேயே நிற்கிறது. கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: முதலில் நூல் பதம், அப்புறம் கம்பிப் பதம், கடைசியில் கட்டி. உங்கள் பள்ளத்தில் இருப்பது கம்பிப் பதம். காயில் அதற்குள் சிக்கிக்கொண்டு அசைய முடியாமல் தவிக்கிறது, அதனால்தான் மந்தம். காந்தம் அப்படியே இருக்கிறது. பின்னால் இருக்கும் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடுப் பீங்கான்) காந்த வளையம் பத்து வருஷத்தில் காதுக்குத் தெரியும் அளவுக்குக் குறையாது.

முதலில் மல்டிமீட்டர். 8 ஓம் டிவீட்டர் 5 முதல் 7 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, வேலையைத் தொடங்கலாம். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. திரவம் மாற்றிப் பயனில்லை, காயிலோடு சேர்ந்து அதிரும் மெல்லிய சவ்வான டயாபிரம் வாங்க வேண்டும்.

வேலை செய்யும் மேசையில் இரும்புத் தூள் ஒரு பொட்டுக்கூட இருக்கக் கூடாது. டயாபிரமும் சட்டமும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப அதே கோணத்தில் உட்கார வேண்டும். திருகாணிகளைக் காந்தம் ஒட்டாத திருப்புளியால் கழற்றுங்கள். சாதாரணத் திருப்புளியைக் காந்தம் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், நுனி நேராகப் போய் டயாபிரத்தைக் கிழிக்கும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து இதுதான். டயாபிரத்தை நேர்மேலாகத் தூக்குங்கள். சாய்த்தால் காயில் விளிம்பு மடங்கும்.

பள்ளத்தைச் சுத்தம் செய்யப் பஞ்சு வேண்டாம், இழை மாட்டும். கல்யாணப் பத்திரிகை அட்டையை 1 சென்டிமீட்டர் அகலத்தில் நறுக்கி, மேலே மையொற்றுத்தாளைச் சுற்றி, பள்ளத்தில் விட்டு வட்டமாக நகர்த்துங்கள். கறுப்பு வரும். புதுத் துண்டு எடுங்கள். பத்துப் பதினைந்து துண்டு போகும், சலிக்கக் கூடாது. இறுகிய கட்டிக்கு அட்டை நுனியில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளலாம். காயிலையும் அதே ஆல்கஹாலால் இலேசாக ஒற்றுங்கள். அசிட்டோன், தின்னர் கிட்டே வரக் கூடாது, காயில் சுற்றை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். கடைசியில் ஒட்டுநாடாவை வெளிப்பக்கமாக அட்டையில் சுற்றி ஒரு சுற்று ஓட்டினால் மிச்சமிருக்கும் துரும்பும் வந்துவிடும்.

எவ்வளவு விடுவது? காயில் விட்டம் 25 மி.மீ., பள்ளத்தின் அகலம் 1 மி.மீ., மேல்தகட்டின் தடிமன் 2.5 மி.மீ. என்றால் 25 × 3.14 × 1 × 2.5, ஏறக்குறைய 200 கன மி.மீ., அதாவது 0.2 மி.லி. காயில் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 0.12 முதல் 0.15 மி.லி. 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து நான்கு இடத்தில் பிரித்து விடுங்கள், காந்தமே இழுத்து வட்டம் முழுக்கப் பரப்பிக்கொள்ளும். கூட விட்டால் முதல் பாட்டிலேயே தெறித்து, டயாபிரத்தின் குவிந்த நடுப்பகுதியான டோமில் கறுப்புப் புள்ளி விழும். திரவத்தை டிவீட்டர் மாடலைச் சொல்லி வாங்குங்கள். கொழகொழப்பு மாறினால் குரலும் மாறும். இரண்டு பெட்டிக்கும் ஒரே நாளில் மாற்றினால்தான் இடம் வலம் ஒத்துப் பாடும்.

துடைத்துவிட்டுச் சும்மா ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் மெல்லக் கேட்பதற்கு ஓடும். கந்தூரி இரவு முழுக்க ஓட்டினால் சூடு போக வழியில்லாமல் காயில் கருகும். என்ஜின் ஆயிலோ கிரீஸோ வைப்பது அதைவிட மோசம், காந்தம் அவற்றைப் பிடித்து வைக்காது, வழிந்து டயாபிரத்தில் ஏறும். பள்ளத்தில் கறுப்புத் தடமே இல்லாத டிவீட்டர் என்றால் அது உலர்ந்து ஓடவே வடிவமைத்தது, அதில் புதிதாக ஊற்றாதீர்கள். காந்தத்தையும் மேல்தகட்டையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரித்தபின் அந்த ஒரு மில்லிமீட்டர் பள்ளத்தைத் திரும்ப நடுவில் நிறுத்தக் கையால் முடியாது.

*கேள்வி (அறிவியல் ஆசிரியை, தேவிபட்டினம்):* கண்காட்சிக்காகப் பிள்ளைகள் கடற்கரைக் கருமணலைக் காந்தத்தால் பிரித்தெடுத்து, அம்மியில் அரைத்து, தேங்காய் எண்ணெயில் கலந்தார்கள். முள்முள்ளாக எழும்பவே இல்லை. மணல் மட்டும் ஓடிப்போய் ஒட்டுகிறது, எண்ணெய் தனியாக நிற்கிறது. என்ன தப்பு?

*பதில்:* பிள்ளைகள் சரியான பொருளைத்தான் எடுத்திருக்கிறார்கள். காந்தத்தில் பட்டென்று ஒட்டும் கருமணலில் மேக்னடைட் இருக்கிறது. தப்பு அளவில். ஒரு பருக்கை 0.1 மி.மீ. என்று வைத்தாலும், அதற்குள் 10 நானோமீட்டர் துகள் ஒரு லட்சம் கோடி அடங்கும். துகள் அவ்வளவு சிறிதாக இருந்தால்தான் எண்ணெய் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் முட்டி மோதி அதை அடியில் படியவிடாமல் வைத்திருக்கும். காந்தம் இழுக்கும்போது எண்ணெயையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும். பருக்கை பெரிதானால் தனியே ஓடும், எண்ணெய் அங்கேயே நிற்கும். பாபெல் மேக்னடைட்டை மண்ணெண்ணெய், ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தோடு உருளை ஆலையில் போட்டு நெடுநாள் ஓட்டித்தான் அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். அம்மிக்கு அந்த வேலை ஆகாது.

எளிய வழி ஒன்று உண்டு: லேசர் பிரிண்டர் டோனர். எல்லா டோனரிலும் இரும்பு ஆக்சைடு இருக்காது. ஒரு துளியைத் தாளில் கொட்டி அடியில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், பொடி கூடவே ஓடினால் சரி. 10 மி.லி. பொடிக்கு 4 அல்லது 5 மி.லி. சூரியகாந்தி எண்ணெய், தோசை மாவைவிடச் சற்று நீர்க்க. ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி அடியில் 20 மி.மீ. நியோடிமியம் காந்தத்தைக் காட்டினால் கட்டையான முட்கள் எழும்பும். டோனர் துகள் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கு என்பதால் சில மணி நேரத்தில் அடியில் தங்கும், கலக்கிவிட வேண்டும். பொடி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, காற்றாட வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

உண்மையான காந்தத் திரவம் வேண்டுமென்றால் மேல்நிலை வகுப்பு வேதியியல் கூடத்தில் ஆசிரியர் நின்று செய்யலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம், சன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். பெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், பெரஸ் குளோரைடு டெட்ராஹைட்ரேட் 2 கிராம். இரண்டுக்கு ஒன்று என்ற மூலக்கூறு விகிதம் இதில்தான் வருகிறது. 100 மி.லி. வடிநீரில் கரையுங்கள். 25 விழுக்காடு அம்மோனியா 10 மி.லி.யை 40 மி.லி. வடிநீரில் கலந்து, கரைசலை வேகமாகக் கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பழுப்பாகி, பிறகு மையாகக் கறுக்கும். அதுவே மேக்னடைட், முழுதும் மாறினால் 2.3 கிராம். 80 பாகைக்குச் சூடாக்கி ஒலியிக் அமிலம் 1 மி.லி. விட்டு அரை மணி நேரம் கலக்குங்கள். கறுப்பு எல்லாம் தார் போலத் திரண்டு, தண்ணீர் தெளியும். பீக்கரின் அடியில் காந்தம் வைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டு, வடிநீரில் மூன்று முறை, அசிட்டோனில் ஒரு முறை அலசுங்கள். அசிட்டோன் காய்ந்தபின் 8 மி.லி. மண்ணெண்ணெய் விட்டுக் கலக்க வேண்டும். அடுப்பு அணைந்த பிறகுதான் அசிட்டோன், மண்ணெண்ணெய் இரண்டையும் திறக்க வேண்டும். ஓர் இரவு காந்தத்தின் மேல் வைத்து, அடியில் தங்கியதை விட்டு மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்திருந்து முள் எழாவிட்டால், திறந்த வெளியில் கொஞ்ச நேரம் வைத்தால் மண்ணெண்ணெய் ஆவியாகிக் கெட்டிப்படும்.

கெடும் இடங்கள் மூன்று. பெரஸ் குளோரைடு இளம்பச்சையாக இருக்க வேண்டும். பழைய பாட்டிலில் பழுப்பேறியிருந்தால் அது பெரிக்காக மாறிவிட்டது, கறுப்புக்குப் பதில் துரு நிறத்தில் காந்தம் ஒட்டாத சேறு வரும். அடுத்தது தண்ணீர். நம் பகுதிக் கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் உப்பு, அந்த உப்பு துகள்களைத் திரளவைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரே வாங்குங்கள். மூன்றாவது ஒலியிக் அமிலம். குறைந்தால் கட்டி கட்டியாகப் படியும். கூடினால் சோப்பு போல நுரைத்துத் தண்ணீரிலேயே கலந்து நின்றுவிடும், அப்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் திரளும்.

முள் ஏன் எழுகிறது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். காந்தப்புலம் திரவத்தை மேலே இழுக்கிறது. எடையும் மேற்பரப்பு இழுவிசையும் கீழே அமுக்குகின்றன. புலம் ஓர் அளவைத் தாண்டியதும் தட்டையாக இருக்க முடியாமல் மேற்பரப்பு வரிசையாகக் குத்திட்டு எழுகிறது. காந்தத்தை எடுத்ததும் ஒரு நொடியில் சமதளம். ஒவ்வொரு துகளும் அவ்வளவு சிறியது என்பதால் காந்தத்தன்மையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில், காந்தத்தை ஒட்டி வைக்காமல் வைத்தால் பல மாதம் தாங்கும். நாளாக ஆகக் கறுப்பு இலேசாகப் பழுப்புக்குத் திரும்பும். மேக்னடைட் காற்றுப் பட்டு மேக்ஹமைட் என்னும் இன்னொரு இரும்பு ஆக்சைடாக மாறுவது அது. காந்தத்தன்மை கொஞ்சம் குறையும், போய்விடாது.

*கேள்வி (விசைப்படகு மெக்கானிக், பாம்பன்):* தண்ணீரில் விழும் ஸ்பேனர், ஷேக்கிள் எடுக்கப் பளபளப்பான பவர் காந்தம் வாங்கினேன். ஆறு மாதத்தில் மேல்தோல் கொப்பளித்து உரிகிறது. உள்ளே சாம்பல் நிறப் பொடி கொட்டுகிறது. போலியா?

*பதில்:* போலி என்று சொல்லிவிட முடியாது. நல்ல நியோடிமியம் காந்தமும் கடலில் இப்படித்தான் போகும். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றின் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது அது. மணிகளுக்கு இடையே நியோடிமியம் மிகுந்த மெல்லிய அடுக்கு ஒன்று சிமெண்டு போலப் பிடித்திருக்கிறது. ஈரமும் உப்பும் முதலில் தின்பது அந்தச் சிமெண்டைத்தான். மணிகள் தனித்தனியாக உதிர்ந்து சாம்பல் பொடியாகின்றன. அதற்காகத்தான் நிக்கல்–செம்பு–நிக்கல் பூச்சு, மொத்தமே 15, 20 மைக்ரான். படகின் இரும்பில் ஒரு முறை டமாரென்று ஒட்டினாலே ஓரம் சிராய்ந்துவிடும். ஊசி முனை அளவு ஓட்டை போதும். நிக்கலைவிட உள்ளே இருப்பது எளிதில் அரிபடும் என்பதால் உப்புநீர் அந்த ஓட்டை வழியே உள்ளே போய்ப் பூச்சுக்கு அடியில் குடைந்துகொண்டே போகும், மேலே கொப்புளம் எழும்பும்.

கடல் வேலைக்கு ரப்பர் உறையிட்டதோ, முழுக்க ஸ்டெயின்லெஸ் கிண்ணத்தில் வைத்து எபாக்சி ஊற்றி அடைத்ததோ வாங்குங்கள். விலை குறைவாக வேண்டுமென்றால் ஃபெரைட். அது ஏற்கெனவே ஆக்சைடு, துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை, கடலில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் அரிக்காது. அதே இழுப்புக்குப் பல மடங்கு பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, இலேசாகக் கிரீஸ் தடவி வையுங்கள். ஓரம் சிராய்ந்தால் அன்றே எபாக்சி பூசிவிடுங்கள். நியோடிமியத்தை டிரில் போடவோ கிரைண்டரில் தேய்க்கவோ கூடாது. சில்லாக உடையும், தூளும் தீப்பற்றும்.

120 கிலோ இழுக்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி எடை தூக்காதீர்கள். அது துருவில்லாத தடித்த இரும்பில், நேராக இழுத்து அளந்தது. துருவும் பெயிண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே பெரிதாகக் குறையும். பக்கவாட்டில் வழுக்கினால் ஐந்தில் ஒரு பங்குகூட நிற்காது.

*கேள்வி (உப்பு அரைவை ஆலை மேற்பார்வையாளர், வாலிநோக்கம்):* உப்பு விழும் வாயில் இரும்புத் துணுக்கைப் பிடிக்கக் காந்தக் குழாய்த் தட்டி வைத்திருக்கிறோம். இரண்டு வருஷம் ஆகிறது. உப்பில் சிவப்புப் புள்ளி வருகிறது. காந்தம் வலுக்குறைந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

*பதில்:* சிவப்புப் புள்ளியை வைத்துக் காந்தத்தைக் குறை சொல்ல முடியாது. சிவப்புத் துருவைக் காந்தம் பிடிக்காது. கறுப்பு மேக்னடைட் செதிலையும் உலோகத் துணுக்கையும்தான் பிடிக்கும். முழுக்கச் சிவந்துபோன செதில் எவ்வளவு வலுவான தட்டியையும் தாண்டி ஓடிவிடும். ஆகவே முதலில் தட்டிக்கு மேலே துருப்பிடிக்கும் சரிவுத் தகடு, திருகாணி, சுத்தியல் முனை எது என்று தேடுங்கள். நோய் அங்கே இருக்கிறது.

காந்தத்தை அளக்கக் கருவி வேண்டாம், தொங்கு தராசு போதும். 20 மி.மீ. இரும்புக் குண்டு ஒன்றுக்குக் கொக்கி வைத்துத் தராசில் மாட்டுங்கள். குழாய்க்கும் குண்டுக்கும் நடுவே 1 மி.மீ. பிளாஸ்டிக் துண்டு, எப்போதும் அதே துண்டு. குழாய்மேல் காந்தம் உச்சமாக இருக்கும் வளையங்களைக் குண்டே காட்டிக்கொடுக்கும், அங்கே ஒட்டும். ஐந்து இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை, நேர்மேலாக மெல்ல இழுத்து, விடுபடும் எடையை நோட்டில் எழுதுங்கள். காலையில் ஆலை ஓடும் முன் அளக்க வேண்டும். வெயிலில் 30லிருந்து 70 பாகைக்குப் போனால் நியோடிமியத்தின் புலம் ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும், இழுப்பு 10 விழுக்காடு குறையும், ஆறினால் திரும்பி வரும். அந்தத் தற்காலிக இறக்கத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தால் போக்கு தெரியும். புதிதில் இருந்ததைவிடக் கால் பங்கு இழுப்பு குறைந்த குழாயை மாற்றிவிடலாம் என்பது எங்கள் கருத்து.

எண்ணைவிட முக்கியம் கண்ணும் கையும். குழாயை விரலால் நீளவாக்கில் தடவுங்கள். எங்கேயாவது புடைத்திருந்தால் உப்பீரம் உள்ளே போய்விட்டது, காந்தம் ஊதிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாயை உணவு உப்பின் மேல் ஒரு நாளும் வைக்கக் கூடாது, வெடித்தால் பொடி உப்பில்தான் விழும். சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் உப்பில் புள்ளி புள்ளியாக அரிபடும். மாற்றும்போது 316 எல் ரகம், முனையில் முழுச்சுற்று வெல்டிங் என்று கேட்டு வாங்குங்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவுவதை நிறுத்துங்கள். சாதாரண ரக நியோடிமியத்துக்கு 80 பாகைதான் எல்லை. அதைத் தாண்டிப் போன காந்தம் ஆறினாலும் இழந்ததைத் திருப்பித் தராது, மறுபடி ஆலையில் காந்தமேற்றினால்தான் வரும். அதிகச் சூட்டுக்கான ரகங்கள் 120, 150 பாகை வரை தாங்கும். ரக எண்ணுக்குப் பின்னால் எச், எஸ்எச் என்று எழுதியிருப்பது அதைத்தான்.

*கேள்வி (நாட்டுப்படகு மீனவர், தங்கச்சிமடம்):* படகில் புதிதாகப் பாட்டுப்பெட்டி வைத்தேன். அதிலிருந்து காம்பஸ் ஜி.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போகவில்லை. உள்ளே ஒரு நீர்க்குமிழியும் இருக்கிறது. காம்பஸ் எண்ணெயில் காந்தம் கலந்திருக்கிறார்களா? கெட்டுவிட்டதா?

*பதில்:* அது காந்தத் திரவம் இல்லை. முள்தட்டு அலைபாயாமல் மெல்லத் திரும்புவதற்காக ஊற்றிய, மண்ணெண்ணெய் ஜாதி எண்ணெயோ ஆல்கஹால் கலவையோதான். சின்னக் குமிழியால் திசை மாறாது. முள்தட்டின் விளிம்பைத் தொடும் அளவுக்குப் பெரிதானால் மாறும். வெயிலில் எண்ணெய் விரிந்து சுருங்கி, வாஷர் தளர்ந்து கசிந்திருக்கிறது. நிரப்பும்போது ஏற்கெனவே உள்ள அதே வகையைத்தான் நிரப்ப வேண்டும். மாற்றி ஊற்றினால் எண் எழுதிய பெயிண்டே கரைந்து வரும்.

திசை மாறியதற்குக் காரணம் பாட்டுப்பெட்டியின் காந்தம். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. இதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 7 மைக்ரோடெஸ்லாவைப் பெட்டி பக்கவாட்டில் கொடுத்தாலே முள் 10 பாகை விலகும். தூரம் இரண்டு மடங்கானால் காந்தத்தின் பிடி எட்டில் ஒன்றாகும். அரை மீட்டரில் 10 பாகை விலக்கினால் ஒரு மீட்டரில் ஒன்றே கால் பாகைதான். 5 பாகை என்பது சின்னத் தப்பு போலத் தோன்றும். 10 கடல் மைல் ஓடிப் பாருங்கள், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருப்பீர்கள். கச்சத்தீவுப் பக்கம் எல்லைக்கோட்டை ஒட்டித் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் என்னவென்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

காற்று அடங்கிய காலையில் படகைக் கரையில் கட்டி, பெட்டி, செல்போன், கத்தி, இரும்பு நங்கூரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்து, காம்பஸ் காட்டும் பாகையைக் குறியுங்கள். ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வையுங்கள், எது முள்ளை இழுக்கிறது என்று அப்போதே தெரியும். பெட்டியை அணைத்தும் பாருங்கள், போட்டும் பாருங்கள். பேட்டரி வயரில் ஓடும் மின்சாரமும் முள்ளைத் திருப்பும், இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை போகும். பிறகு கடலில் நிதானமாக ஓட்டி, தூரத்தில் தெரியும் ஒரு நிலையான அடையாளத்துக்கு நேராக முகப்பைத் திருப்பி, காம்பஸையும் ஜி.பி.எஸ்.ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ராமேசுவரம் டி.வி. கோபுரம் 323 மீட்டர் உயரம், அதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. ஒரே பக்கம் பார்த்துவிட்டு விடக் கூடாது, நாலு திசையிலிருந்தும் பார்க்க வேண்டும். காந்தத்தின் தவறு திசைக்குத் திசை மாறும். ஜி.பி.எஸ். படகு ஓடும்போதுதான் போக்கைச் சொல்லும். என்ஜின் நின்று நீவாட்டில் (நீரோட்டத்தில்) மிதக்கும்போது முகப்பு எந்தப் பக்கம் என்று சொல்லக் காம்பஸ்தான் இருக்கிறது. அதனால் அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

பழைய இறக்குமதிக் காம்பஸ் மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் போகிறது. திருநெல்வேலியில் புவிக்காந்த ஆய்வுக்கூடம் இருப்பதும் அதனால்தான். இங்கே பூமியின் காந்தம் ஏறக்குறையத் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். வட நாடுகளில் அது செங்குத்துக்கு நெருக்கமாகச் சரிந்து உள்ளே குத்தும். முள் தலைகுப்புற இறங்காமலிருக்க அங்கே மறுபக்கம் எடை வைத்திருப்பார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் தட்டு சாய்ந்து ஓரத்தில் உரசும்.

*கேள்வி (மாணவர், மண்டபம்):* பள்ளியில் லாடக் காந்தம் குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. என் நியோடிமியம் காந்தம் அப்படியே இருக்கிறது. ஏன்?

*பதில்:* லாடக் காந்தம் எஃகோ, அல்நிகோ என்னும் அலுமினியம்–நிக்கல்–கோபால்ட் உலோகக் கலவையோ. எதிர்க்காந்தத்தைத் தாங்கும் சக்தி அவற்றுக்குக் குறைவு, தன் முனைகளே தன்னை அழிக்கும். இரண்டு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு போட்டு வைக்க வேண்டும். சட்டக் காந்தம் என்றால் இரண்டை எதிர் எதிர் முனையாக அடுக்கி இரு பக்கமும் இரும்பு. கீழே போட்டாலும் எஃகுக் காந்தம் வலு இழக்கும். நியோடிமியம் வலு இழக்காது, உடையும். சூடோ துருவோ தொடாத நியோடிமியம் ஏறக்குறைய உன் வாழ்நாள் முழுக்க இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், முதல் பத்து நாளில் குறைவது எவ்வளவோ அவ்வளவேதான் அடுத்த தொண்ணூறு நாளிலும் குறையும். இரண்டு சின்னக் காந்தத்தை வாயில் போடாதே, தம்பி தங்கையிடமும் கொடுக்காதே. வயிற்றில் குடலை நடுவே வைத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த தாத்தாவிடமிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே வை.

*கேள்வி (இல்லத்தரசி, உச்சிப்புளி):* மகன் கொடுத்த கண்ணாடிப் புட்டியில் கறுப்புத் திரவம் காந்தத்துக்கு ஆடும். இப்போது கண்ணாடி முழுக்கப் பழுப்புக் கறை. குலுக்கினால் சரியாகுமா?

*பதில்:* குலுக்காதீர்கள். குலுக்கினால் திரவம் சிறு துளிகளாகச் சிதறிச் சுற்றியுள்ள தெளிநீரில் தொங்கும், திரும்பச் சேர நாளாகும். கண்ணாடியில் ஒட்டாமலிருக்கத்தான் அந்தத் தெளிநீரை ஊற்றி, உள்சுவரையும் பதப்படுத்தியிருந்தார்கள். சன்னலோர வெயிலும் எப்போதும் ஒட்டிவைத்த காந்தமும் அதைக் கெடுத்துவிட்டன. காந்தத்தை எடுத்துவிட்டு, நிழலில், நிமிர்த்தி இரண்டு வாரம் வையுங்கள். இலேசான கறை தானாக வழியும். அப்புறமும் நிற்பது நிரந்தரம். மூடியைத் திறக்க வேண்டாம். துணியில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.